கேங்கிரீன் நோயறிதலைச் சரியாகக் குறியிடுவது எப்படி? ஐசிடி-10-சிஎம் முறைக்கான முழுமையான வழிகாட்டி

இரத்த ஓட்டம் தடைப்பட்டதாலோ கடுமையான நோய்த்தொற்றாலோ உடலின் ஒரு பகுதியில் திசு மடிந்து அழுகும் நிலையையே கேங்கிரீன் என்கிறோம். நோய்களுக்குக் குறியீட்டு எண் பதியும் மருத்துவக் கோடிங் துறைக்குப் புதிதாக வருபவர்களில் பலர், சார்ட்டில் (நோயாளியின் மருத்துவப் பதிவில்) இந்தச் சொல்லைக் கண்டவுடன் ஐ96 என்ற குறியீட்டைப் பதிந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஐ96 குறியீட்டின் தலைப்பே ‘வேறு இடத்தில் வகைப்படுத்தப்படாத கேங்கிரீன்’ என்பதுதான். ஆகவே வேறு எந்த இடத்திலும் அது வகைப்படவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அந்தக் குறியீட்டைத் தொட வேண்டும். அந்த உறுதியை அடைவதற்கு, எதனால் வந்தது, எங்கே வந்தது, கூடவே என்னென்ன இருக்கின்றன என்ற மூன்று கேள்விகளுக்கும் சார்ட்டிலிருந்தே விடை கிடைத்தாக வேண்டும்.

சென்னை, கோவை, திருச்சி ஆகிய ஊர்களில் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைக் கையாளும் குறியீட்டாளர்களையும், அந்த வேலைக்கான தேர்வுகளுக்குப் படிப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குறியீடுகளின் முதலில் வரும் ஆங்கில எழுத்தை அதன் ஒலிப்படியே ஏ, ஈ, ஐ, ஜே, கே, எல், எம், என், ஆர், டி (T), இசட் என்று தமிழில் தருகிறேன்.

இங்கே பேசப்படுவது 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கும் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம். உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10 பட்டியலில் இதே கேங்கிரீன் ஆர்02 என்ற எண்ணில், அறிகுறிகளுக்கான அத்தியாயத்தில் இருக்கிறது. மூலப் பட்டியலைப் பின்பற்றும் இடத்தில் வேலை செய்துவிட்டு அமெரிக்கச் சார்ட்டுகளுக்கு வருபவர்கள் இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஐசிடி-10-சிஎம் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படுவதால், சிகிச்சை நடந்த தேதிக்கு உரிய பதிப்பைத்தான் திறக்க வேண்டும்.

முதல் படி: சொன்னது யார் என்று பாருங்கள்

நோயறிதலைச் சொல்லும் உரிமை நோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவருக்கோ, சட்டப்படி நோயறிதல் செய்யத் தகுதி பெற்ற பிற சிகிச்சையாளருக்கோ மட்டுமே உண்டு. புண் பராமரிப்புச் செவிலியரின் குறிப்பில் ‘கால்விரல் கறுத்திருக்கிறது’, ‘கறுத்த பொருக்கு மூடியிருக்கிறது’, ‘மடிந்த திசு 40 சதவீதம்’ என்றெல்லாம் இருக்கும். இவை வர்ணனைகள், இவற்றைக் கொண்டு கேங்கிரீன் குறியீட்டைப் பதியக் கூடாது. அதேபோல் மருத்துவரே ‘நெக்ரோசிஸ்’ (திசு மடிவு) என்று எழுதியிருக்கும்போது அதைக் குறியீட்டாளர் மனத்துக்குள் கேங்கிரீன் என்று மாற்றிக்கொள்வதும் தவறு. குறியீட்டு நூலின் அகரவரிசைப் பட்டியலில் நெக்ரோசிஸ் என்ற தலைப்பின் கீழ் எந்த உறுப்பு, எந்தத் திசு என்று தேடி, பட்டியல் எங்கே அழைத்துச் செல்கிறதோ அங்கே போக வேண்டும். தோல், தோலடித் திசு ஆகியவற்றின் மடிவு அந்தப் பட்டியலின் வழியாகவே ஐ96 குறியீட்டுக்கு வந்து சேரும் என்பதும் உண்மைதான். ஆனால் அது மருத்துவர் நோயறிதலாக எழுதியதிலிருந்து தொடங்க வேண்டும். புண்ணைப் பற்றிய செவிலியரின் வர்ணனையிலிருந்து தொடங்கக் கூடாது.

இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. புண் இருப்பதாக மருத்துவர் எழுதிய பிறகு, அதன் ஆழத்தையும், அழுத்தப் புண்ணாக (படுக்கைப் புண்ணாக) இருந்தால் அதன் நிலையையும் செவிலியரின் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதிகாரபூர்வ வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பாதிக்கப்பட்ட பக்கம் வலமா இடமா என்பதையும் மருத்துவர் எழுதாதபோது பிற சிகிச்சையாளர்களின் குறிப்பிலிருந்து எடுக்கலாம். இரண்டு குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

நோயியல் ஆய்வறிக்கை விஷயத்தில் உள்நோயாளிக்கும் புறநோயாளிக்கும் விதி வேறு. உள்நோயாளி சார்ட்டில், வெட்டியெடுத்த விரலில் கேங்கிரீன் இருந்ததாக ஆய்வறிக்கை சொன்னாலும், பொறுப்பு மருத்துவர் அதை ஏற்று எழுதாதவரை அதைக் குறியிட முடியாது. புறநோயாளி சார்ட்டில் நோயியல் மருத்துவரின் இறுதி அறிக்கையே போதும். ‘கேங்கிரீனாக இருக்கலாம்’ என்பது போன்ற ஐயச் சொற்களுக்கும் இதே பிரிவு பொருந்துகிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது எழுதப்படும் இறுதிச் சுருக்கத்திலும் அந்த ஐயம் அப்படியே நிலைத்திருந்தால், உள்நோயாளிக்கு அதை உறுதியான நோய் போலவே குறியிடலாம். புறநோயாளிக்கு அந்த ஐயத்தைக் குறியிடக் கூடாது.

இரண்டாம் படி: நீரிழிவு இருக்கிறதா?

கால் கேங்கிரீன் உள்ள சார்ட்டுகளில் முதலில் தேட வேண்டியது நீரிழிவு. இங்கே வழிகாட்டு நெறிகளின் ‘உடன்’ என்ற விதி வேலை செய்கிறது. அகரவரிசைப் பட்டியலில் ஒரு நோயின் கீழ், ‘உடன்’ என்ற சொல்லுக்கு அடியில் மற்றொரு நிலை பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தால், மருத்துவர் இரண்டையும் இணைத்து எழுதாவிட்டாலும் அவை தொடர்புடையவை என்றே கொள்ள வேண்டும். தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே பிரித்துக் குறியிட வேண்டும். நீரிழிவின் கீழ் கேங்கிரீன் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவரின் கால்விரல் கேங்கிரீனுக்கு ஈ11.52 என்பதே குறியீடு. முதல் வகைக்கு ஈ10.52, வேறொரு நோயின் விளைவாக வந்த நீரிழிவுக்கு ஈ08.52, மருந்து அல்லது வேதிப்பொருளால் வந்ததற்கு ஈ09.52, குறிப்பிட்ட பிற வகைகளுக்கு ஈ13.52. வகை எழுதப்படாவிட்டால் இரண்டாம் வகையாகக் கொள்ள வேண்டும் என்பது தனி விதி.

ஈ11.51, ஈ11.52 ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டுமே நீரிழிவால் வந்த புற இரத்தக்குழாய் நோயைக் குறிப்பவை. முன்னது கேங்கிரீன் இல்லாதது, பின்னது கேங்கிரீன் உள்ளது. ஒரே வருகைக்கு இரண்டையும் பதிவது பொருளற்றது.

இந்த விதியை எல்லை தாண்டி இழுப்பதையும் பார்க்கிறோம். நீரிழிவு உள்ளவருக்குப் பித்தப்பை கேங்கிரீன் வந்தால் அது ஈ11.52 ஆகிவிடாது, ஏனெனில் அந்தக் குறியீட்டின் தலைப்பு புற இரத்தக்குழாய் நோயைப் பற்றியது. கடும் குளிரில் விரல்கள் உறைந்து மடிந்ததாக மருத்துவர் எழுதியிருந்தால், நோயாளிக்கு நீரிழிவு இருந்தாலும் முதன்மையாக வர வேண்டியது திசு மடிவுடன் கூடிய உறைபுண்ணுக்கான டி34 குழுவே. இதயத்திலிருந்து கிளம்பிய இரத்தக்கட்டி காலின் தமனியை அடைத்ததாக எழுதப்பட்டிருந்தால் ஐ74.3 குறியீட்டைப் பார்க்க வேண்டும். மருத்துவர் வேறொரு காரணத்தைக் கூறியிருக்கும் இடங்களில் ‘உடன்’ விதியைக் காட்டி அவருடைய கூற்றை மீறுவதற்கு வழியில்லை.

மூன்றாம் படி: தமனித் தடிப்பு இருக்கிறதா?

கை, கால் தமனிகளில் கொழுப்புப் படிந்து தடிப்பேறி அதனால் கேங்கிரீன் வந்திருந்தால் ஐ70.26 குழுவுக்குப் போக வேண்டும். வலது காலுக்கு ஐ70.261, இடது காலுக்கு ஐ70.262, இரு கால்களுக்கும் ஐ70.263, பிற உறுப்புக்கு ஐ70.268. ஐ70.269 என்பது எந்த உறுப்பு என்று குறிப்பிடாதது. அதைப் பதிய நேர்ந்தால் சார்ட்டை இன்னொரு முறை படியுங்கள், ஏனெனில் எந்தக் கால் என்பது எங்கேயாவது எழுதப்பட்டிருக்கும். இவையெல்லாம் இயற்கையான தமனிக்கு உரியவை. ஏற்கெனவே பைபாஸ் செய்து, அந்த ஒட்டுக்குழாயில் தடிப்பு வந்திருந்தால் குழு மாறும். நோயாளியின் சொந்தச் சிரையால் ஆன ஒட்டுக்கு ஐ70.46, செயற்கைக் குழாய்க்கு ஐ70.66. பழைய அறுவைக் குறிப்பைத் தேடிப் படிக்காமல் இதைச் சரியாகப் பதிய முடியாது.

ஐ70.2 குழு படிநிலையாக அமைந்தது. நடக்கும்போது வரும் வலி, ஓய்வில் வலி, புண், கேங்கிரீன் என்று நோய் முற்றும் வரிசையில் குறியீடுகள் ஏறுகின்றன. மேல்நிலைக் குறியீடு கீழ்நிலையைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. ஆகவே ஒரே காலுக்குக் கேங்கிரீன் குறியீட்டைப் பதிந்த பிறகு, அதே காலின் ஓய்வு வலிக்கோ புண்ணுக்கோ அக்குழுவிலிருந்து வேறொரு குறியீட்டைச் சேர்க்கத் தேவையில்லை. புண் இருந்தால் அதன் இடத்தையும் ஆழத்தையும் காட்ட எல்97 குறியீட்டைச் சேர்க்க வேண்டும். தமனி நெடுங்காலமாக முழுதும் அடைபட்டிருப்பதாக எழுதப்பட்டிருந்தால் ஐ70.92, புகையிலைப் பழக்கம் இருந்தால் அதற்குரிய குறியீடு ஆகியவையும் சேரும்.

நீரிழிவும் தமனித் தடிப்பும் சேர்ந்திருக்கும்போது எதை விடுவது என்ற குழப்பம் பலருக்கு உண்டு. எதையும் விட வேண்டியதில்லை. நீரிழிவு நோயாளியின் புறத் தமனித் தடிப்பை நீரிழிவின் இரத்தக்குழாய் நோயாக இணைத்து, எந்தத் தமனி, எந்தப் பக்கம் என்பதைக் காட்ட ஐ70.2 குறியீட்டையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் கோடிங் கிளினிக் இதழ் 2018இல் விளக்கியது. அதன்படி கேங்கிரீன் உள்ளபோது ஈ11.52, ஐ70.26 குழு ஆகிய இரண்டும் வரும்.

நீரிழிவு இல்லாதவரின் சார்ட்டில் ‘பிஏடி’ (புறத் தமனி நோய்) என்று மட்டும் எழுதியிருப்பதைத் தமனித் தடிப்பு என்று நாமே விரித்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சுருக்கம் தனித்து நிற்கும்போது ஐ73.9 குறியீட்டுக்குத்தான் கொண்டுபோகும். அதில் கேங்கிரீனுக்கு இடமே இல்லை. இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய இடம்.

நான்காம் படி: உடலின் எந்த இடம்?

கை, கால் அல்லாத உறுப்புகளின் கேங்கிரீனுக்குப் பெரும்பாலும் சொந்தக் குறியீடு உண்டு. குடல்வால் அழற்சியில், குறிப்பிட்ட பகுதி வயிற்றுறை அழற்சியும் கேங்கிரீனும் இருந்து ஓட்டை விழாதிருந்தால் கே35.31, வயிற்றுறை அழற்சியும் ஓட்டையும் இல்லாமல் கேங்கிரீன் மட்டும் இருந்தால் கே35.891. பித்தப்பை அழற்சியில் கேங்கிரீன் வந்தால் கே82.ஏ1, ஆனால் பித்தப்பை அழற்சியின் வகையை முதலில் பதிந்த பிறகே இது வர வேண்டும். குடலிறக்கத்தில் அடைப்பும் கேங்கிரீனும் சேர்ந்திருந்தால், கேங்கிரீன் உள்ள குடலிறக்கமாகவே வகைப்படும். ஒரு பக்கக் கவட்டைக் குடலிறக்கம் மீண்டும் வந்தது என்று குறிப்பிடப்படாவிட்டால் அது கே40.40. நுரையீரலுக்கு ஜே85.0. ஆண்களின் பிறப்புறுப்புப் பகுதியில் வரும் ஃபோர்னியர் கேங்கிரீனுக்கு என்49.3, பெண்களுக்கு இதே நோய் வரும்போது பதிய என்76.82 என்ற தனிக் குறியீடு இப்போது இருக்கிறது.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடிய சில நோய்களும் உண்டு. வாயுக் கேங்கிரீன் குளோஸ்டிரிடியம் வகைக் கிருமியால் தசை மடியும் அவசர நிலை, அதற்கு ஏ48.0. பையோடெர்மா கேங்கிரினோசம் கேங்கிரீனே அல்ல, அது தோலின் அழற்சி நோய், அதற்கு எல்88. குளிரில் விரல்களின் தமனிகள் சுருங்கும் ரெய்னாட் நோயில் விரல் நுனி மடிந்தால் ஐ73.01. தசையுறை மடியும் நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸுக்கு எம்72.6, அதோடு கிருமியின் குறியீட்டையும் சேர்க்க வேண்டும்.

உலர் கேங்கிரீன், ஈரக் கேங்கிரீன் என்ற பிரிவு மருத்துவருக்கு மிகவும் முக்கியமானது. ஆனால் ஐ96 அந்த வேறுபாட்டைக் காட்டாது. ஈரக் கேங்கிரீனில் நோய்த்தொற்று இருப்பதால், அது எழுதப்பட்டிருக்கும்போது அதற்கான குறியீடுகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: இப்போது ஐ96

நீரிழிவு இல்லை, தமனித் தடிப்பு இல்லை, தனிக் குறியீடுள்ள உறுப்பு இல்லை, சிறப்புப் பெயருள்ள நோய் இல்லை என்றான பிறகு ஐ96 வருகிறது. அப்போதும் எண்வரிசைப் பட்டியலில் அதன் கீழுள்ள விலக்குக் குறிப்புகளை அந்த ஆண்டின் பதிப்பில் படித்தாக வேண்டும். அழுத்தப் புண்ணில் கேங்கிரீன் வந்த நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்89 குழுவின் தலையிலேயே, தொடர்புடைய கேங்கிரீனை முதலில் குறியிடுக என்ற கட்டளை இருக்கிறது. ஆகவே முதுகின் அடியில், திரிகப் பகுதியில் நான்காம் நிலை அழுத்தப் புண்ணும் கேங்கிரீனும் இருந்தால் ஐ96 முதலிலும் எல்89.154 அடுத்தும் வரும். இந்த வரிசையை மாற்றினால் தணிக்கையில் பிழையாகவே எண்ணப்படும்.

ஆறாம் படி: துணைக் குறியீடுகள்

எல்97 குழுவின் ஆறாம் இலக்கம் ஆழத்தைச் சொல்கிறது. 1 என்றால் தோல் மட்டும். 2 கொழுப்புப் படலம் தெரிவது. 3 தசை மடிந்தது. 4 எலும்பு மடிந்தது. 5 தசை வரை போயும் மடிவுக்குச் சான்றில்லாதது. 6 எலும்பு வரை போயும் மடிவுக்குச் சான்றில்லாதது. மூன்றுக்கும் ஐந்துக்கும், நான்குக்கும் ஆறுக்கும் உள்ள இடைவெளி ஒரே சொல்லில் இருக்கிறது. ‘எலும்பு தெரிகிறது’ என்று எழுதியிருப்பதை வைத்து 4 போடுவது, எழுதாத மடிவை எழுதியதாக்குவதாகும்.

கேங்கிரீனிலிருந்து செப்சிஸ் (நோய்த்தொற்றுக்கு உடல் முழுதும் எழும் கடும் எதிர்வினை) வந்து, மருத்துவமனையில் சேரும்போதே இரண்டும் இருந்திருந்தால், கிருமி தெரியாத நிலையில் ஏ41.9 முதலில் வரும். உள்ளூர்த் தொற்று அடுத்து வரும். உறுப்புச் செயலிழப்பு இருந்தால் ஆர்65.20, அதிர்ச்சி நிலை இருந்தால் ஆர்65.21 சேரும். ஒவ்வொன்றும் சேரும்போதே இருந்ததா, பின்னர் வந்ததா என்ற அடையாளமும் உள்நோயாளி சார்ட்டில் கட்டாயம். சேரும்போது நீலம் பாரித்திருந்த விரல் நான்காம் நாள் கறுத்ததாக இருந்தால், அந்த அடையாளத்தை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

ஓர் எடுத்துக்காட்டு

இது கற்பனைச் சார்ட். இரண்டாம் வகை நீரிழிவுக்கு நெடுநாளாக இன்சுலின் எடுத்துவரும் 62 வயது நோயாளி. வலது காலின் இயற்கைத் தமனிகளில் தடிப்பு. வலது பெருவிரலில் உலர் கேங்கிரீன். அதே பாதத்தில் நீரிழிவுப் புண், அடியில் எலும்பு மடிந்திருக்கிறது. வலது பாத எலும்பில் கடுமையான ஆஸ்டியோமைலிட்டிஸ் (எலும்புத் தொற்று) இருப்பதையும் மருத்துவர் எழுதியிருக்கிறார். இதற்கு ஈ11.52, ஐ70.261, ஈ11.621 (நீரிழிவுப் பாதப் புண்), எல்97.514 (புண்ணின் இடமும் ஆழமும்), ஈ11.69 (நீரிழிவின் பிற சிக்கல்), எம்86.171 (எலும்புத் தொற்று), இசட்79.4 (நெடுநாள் இன்சுலின்) ஆகியவை வரும். ஐ96 இதில் எங்கும் இல்லை. இதையே ‘வலது கால் கேங்கிரீன், சர்க்கரை உண்டு’ என்று மட்டும் மருத்துவர் எழுதியிருந்தால் ஈ11.52 மட்டுமே கையில் மிஞ்சும். தமனி, பக்கம், புண்ணின் ஆழம், எலும்பு நோய் அனைத்தும் பதிவிலிருந்து மறைந்துபோகும். அந்த நோயாளி எவ்வளவு கடுமையான நிலையில் வந்தார் என்பதை அவருடைய பதிவு சொல்லாது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் போன்ற திட்டங்கள் நோயின் கடுமையைக் கணக்கிட்டுப் பணம் தருவதும் இந்தப் பதிவை வைத்துத்தான்.

ஏழாம் படி: மருத்துவரிடம் கேட்பது

பதிவு முழுமையாக இல்லாதபோது அனுப்பும் கேள்வி, விடையை முன்கூட்டியே ஊட்டுவதாக இருக்கக் கூடாது. ‘இது நீரிழிவுக் கேங்கிரீன்தானே, எழுதித் தருவீர்களா’ என்று கேட்பது விதிமீறல். சார்ட்டில் உள்ள சான்றுகளை முதலில் எடுத்து வைக்க வேண்டும்: வலது பெருவிரல் கறுத்திருப்பதாக எந்த நாள் குறிப்பு சொல்கிறது, கணுக்கால்–கை இரத்த அழுத்த விகிதம் என்ன, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பரிசோதனை என்ன காட்டியது, என்ன சிகிச்சை தரப்பட்டது என்பவற்றை எழுதி, பிறகு ‘இந்த நிலையின் நோயறிதலையும் தெரிந்தால் அதன் காரணத்தையும் பதிவு செய்யவும்’ என்று கேட்க வேண்டும். தெரிவுகள் தருவதானால் சான்றுகளுக்குப் பொருந்தும் எல்லாத் தெரிவுகளையும், ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பவற்றையும் சேர்த்துத் தர வேண்டும். எந்தத் தெரிவால் மருத்துவமனைக்கு எவ்வளவு வருமானம் என்பதைக் கேள்வியில் குறிப்பிடவே கூடாது. அமெரிக்காவில் மருத்துவப் பதிவுத் துறையினரின் அமைப்புகளான ஏசிடிஸ், அஹிமா ஆகியவை இணைந்து வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வினவல் நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது. என் கருத்தில், நல்ல கேள்வி எழுதத் தெரிந்தவரே நல்ல குறியீட்டாளர். பட்டியலைப் புரட்டுவதை யாரும் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம்.

உறுப்பு நீக்கத்துக்குப் பின்

விரலையோ காலையோ நீக்கிய பிறகு வரும் தொடர் வருகைகளில், பழைய சார்ட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பிரச்சினைப் பட்டியலில் கேங்கிரீன் தொடர்ந்து நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்து ஈ11.52 பதிவதைத் தணிக்கையாளர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். கேங்கிரீன் இருந்த பகுதி அகற்றப்பட்டுவிட்டது. வேறெங்கும் புதிதாக இல்லை. அப்படியானால் இரத்தக்குழாய் நோய்க்கு ஈ11.51, விரல் இழப்புக்கு உரிய இசட்89 குறியீடு ஆகியவையே வரும். வலது பெருவிரலுக்கு இசட்89.411, வலது முழங்காலுக்குக் கீழ் நீக்கம் செய்யப்பட்டிருந்தால் இசட்89.511. விரல் நீக்கம் நடந்த அதே மருத்துவமனை அனுமதியிலேயே இசட்89 பதியக் கூடாது. அங்கே அறுவைக் குறியீடே அதைச் சொல்லிவிடுகிறது. நீக்கிய முனையிலேயே திசு மடிந்து, அதை மருத்துவர் முனையின் சிக்கலாக எழுதியிருந்தால், வலது காலுக்கு டி87.53, இடது காலுக்கு டி87.54 குறியீட்டைப் பதிய வேண்டும்.